மீன் எலும்புத் தொகுப்பும் மூனு சல்லடையும்: எது நின்னுது, எது ஓடிப்போச்சு

தொல்லியல்ல தோண்டுன மண்ணைச் சலிக்கற மாதிரி, நானே மண்ணுல கலந்து வச்ச மீன் எலும்பை மூனு சல்லடையில ஓட்டிப் பாத்தேன். 6 மில்லிமீட்டர் சல்லடையில சாளையோட முதுகுக் கணு ஒன்னுகூட நிக்கல. அயிலையும் ஏறக்குறைய முழுசா கீழ போயிருச்சு, மேல தங்குனது பெரிய கெண்டையோட எலும்பும் கெளுத்தியோட நெஞ்சு முள்ளும்தான். மண்ணுக்குள்ள என்னென்ன போட்டேன்னு எனக்குத் தெரியும், அதனால பிரச்சனை இல்ல. ஆனா தெரியாத ஒருத்தர் அந்த மேல் தட்டை மட்டும் பாத்தா "இவங்க ஆத்துல பெரிய மீன் மட்டும் பிடிச்சுத் தின்னுருக்காங்க, கடல் பக்கமே போகல"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிருப்பாரு. இத்தனைக்கும் எண்ணிக்கையில பாதிக்கு மேல கடல் மீன்.

இந்த ஒரு ரிசல்ட்டுக்காகத்தான் இவ்ளோ நாள் மீன் தலையோட மல்லுக்கட்டுனேன்னு சொல்லலாம். தொல்லியல்ல மீன் எலும்பு படிக்கறவங்க எல்லாருக்கும் முதல் தேவை ஒப்பீட்டுத் தொகுப்பு, அதாவது இது இன்ன மீன், இவ்ளோ நீளம், இவ்ளோ எடைன்னு தெரிஞ்சு சுத்தம் பண்ணி வச்ச எலும்புக்கூடுகள். தோண்டி எடுத்த எலும்பைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கறதுக்கு. புத்தகப் படம் ஒரு எல்லை வரைக்கும்தான் உதவும், எலும்பைக் கையில திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் இடமா வலமான்னுகூட புரியும். அதான் சின்னதா ஒன்னு நாமே பண்ணிப் பாப்போம்னு இறங்குனேன். முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன், இதுல இருக்கறது எல்லாமே இப்போ பிடிச்ச மீன். தொல்லியல் மேட்டுல இருந்து ஒரு செதிள்கூட எடுக்கல, யாரும் எடுக்காதீங்க, எந்த அடுக்குல கிடந்துச்சுங்கற தகவல் போயிட்டா அந்த எலும்புக்கு பாதி மதிப்புகூட இல்ல.

மீனும் அளவும்

எடுத்துக்கிட்டது சாளை, அயிலை, ஜிலேபி, கெண்டை, கெளுத்தி. கூட ஒரு சூரையோட தலையும் வால் பக்கத் துண்டும், முழு மீனை வச்சுக்க பாத்திரமே இல்ல. இப்படித் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் இருக்கு. சாளை எண்ணெய் நிறைஞ்ச பொடி மீன், எலும்பு மெலிசு. அயிலையும் சூரையும் ஒரே குடும்பம், ஆனா அளவுல எங்கேயோ. கெண்டைக்குத் தாடையில பல்லே கிடையாது, தொண்டையிலதான் பல்லு. கெளுத்திக்குச் செதிள் இல்ல, அதுக்கு பதிலா மண்டை ஓட்டுல கெட்டியான தட்டும் நெஞ்சுத் துடுப்புல ரம்பப் பல் வச்ச முள்ளும் இருக்கு. இந்த வித்தியாசம் எல்லாம் மண்ணுக்குள்ள போனா எப்படி நடந்துக்குதுன்னு பாக்கத்தான் ஆசை.

சதையில கை வைக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது போட்டோ, எடை, மூனு நீளம். மூக்கு நுனியில இருந்து வால் துடுப்போட கடைசி நுனி வரைக்கும் மொத்த நீளம், வால் கவை வரைக்கும் ஒன்னு, வால் எலும்பு முடியற இடம் வரைக்கும் ஒன்னு. ஏன் மூனுன்னா ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் ஒவ்வொன்னு போட்டிருப்பாங்க, அப்புறமா மாத்தி எழுத வழியே கிடையாது, மீன் அப்போ பாத்திரத்துல எலும்பாக் கிடக்கும். அயிலை 22 செ.மீ., சாளை 15 செ.மீ., ஜிலேபி 24 செ.மீ., கெண்டை 42 செ.மீ. எடைக்கு 0.1 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு போதும், கெண்டைக்கு மட்டும் பெரிய தராசு.

காதுக்கல்லை முதல்ல எடுங்க

வேகவைக்கறதுக்கு முன்னாடி காதுக்கல், அதான் ஓட்டோலித். மீனோட உள்காதுல ஒவ்வொரு பக்கமும் மூனு கல் இருக்கும், சாகிட்டா, லாப்பிலஸ், ஆஸ்டெரிஸ்கஸ். இது எலும்பு இல்ல, கால்சியம் கார்பனேட், பெரும்பாலும் அரகோனைட்ங்கற படிக வடிவத்துல. வளர வளர வளையம் வளையமா சேரும், அதனால மீனோட வயசும் எந்தப் பருவத்துல செத்துச்சுன்னும் சொல்லிடும். வளையம் வருஷத்துக்கு மட்டும் இல்ல, நாளுக்கு ஒன்னும் விழுதுன்னு 1971ல ஜார்ஜியோ பன்னெல்லா காட்டுனாரு. 1980ல மெல்லர்ஸ், வில்கின்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்துல ஓரன்சேங்கற குட்டித் தீவுல, பழைய காலத்து ஆளுங்க தின்னுட்டுக் கொட்டுன சிப்பி மேடுகள்ல கிடைச்ச காதுக்கல்லோட அளவுகளை மட்டும் வச்சு, ஒவ்வொரு மேட்டுலயும் வருஷத்தோட வேற வேற பருவத்துல மீன் பிடிச்சிருக்காங்கன்னு பிரிச்சுக் காட்டுனாங்க. எலும்பு பண்ண முடியாத வேலை இது.

அயிலையில ஈஸியா வந்துச்சு. செவுள் மூடியைத் தூக்கி, செவுளை வெட்டி எடுத்துட்டு, மண்டையோட அடிப்பக்கம் புடைச்சு இருக்கற இடத்தை ஸ்கால்பெல்ல லேசா சீவினா உள்ள ஒரு ஜவ்வுப் பைக்குள்ள வெள்ளையா தெரியும். நுனி வளைஞ்ச இடுக்கியில அழுத்தாம எடுக்கணும், அழுத்துனா மூக்கு உடைஞ்சிரும், சாகிட்டாவோட முன் நுனியில நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க அது. அந்த மூக்கு இல்லாட்டி நீளம் அளந்து பிரயோஜனம் இல்ல.

கெண்டையிலதான் சுத்த விட்டுச்சு. இவ்ளோ பெரிய மீன், சாகிட்டா பெருசா இருக்கும்னு மண்டையைப் பிளந்து தேடித் தேடி ஒன்னும் காணோம். அப்புறம்தான் படிச்சேன், கெண்டைக் குடும்பத்துல சாகிட்டா மெலிசான குச்சி, தொட்டாலே ஒடியும், அங்க பெருசு ஆஸ்டெரிஸ்கஸ்தான், அது மண்டையோட பின்பக்கம் தள்ளி இருக்கு. அடுத்த கெண்டையில நேரா அங்கயே போய் எடுத்தேன். அதாவது பெரிய கல்லுன்னா சாகிட்டான்னு கண்ணை மூடிக்கிட்டு டப்பாவுல எழுதக்கூடாது. எடுத்ததும் தண்ணியில கழுவி, ஜவ்வைத் துடைச்சு, காய வச்சு தனி டப்பா. எந்த அமிலமும் பக்கத்துல வரக்கூடாது, வினிகர்ல போட்டா கரைஞ்சே போயிடும்.

சதையைக் கழட்டுன கதை

இதுக்கு ஆயிரம் வழி சொல்றாங்க. மண்ணுல புதைக்கறது, தண்ணியில அழுக விடறது, சதையைத் தின்னுற டெர்மெஸ்டிட் வண்டு விடறது, வேகவைக்கறது, என்சைம் போடறது. வண்டு வளக்கறது நமக்கு ஆகாது, வீட்டுல இருக்கற மத்த எல்லாத்தையும் தின்னுரும். புதைச்சுப் பாத்தது ஒரு ஜிலேபி, ஓட்டை போட்ட டப்பாவுல. சதை போச்சு சரி, ஆனா எறும்பு பொடி எலும்புகளை எங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு, வேர் வேற உள்ள பூந்துருச்சு. முழு எலும்புக்கூடு வேணும்னா புதைக்கறதா இருந்தா வலைப்பைக்குள்ள கட்டித்தான் புதைக்கணும்.

வேகவைக்கறதுல சூடுதான் எல்லாம். தளதளன்னு கொதிக்க விட்டா சாளையோட எலும்பு நுனியெல்லாம் கொழகொழன்னு ஆயிருது, மண்டை எலும்பு எல்லாம் ஒன்னோட ஒன்னு மோதி ஓரம் உடையுது. எலும்பு மீனோட மண்டையில மட்டும் நூத்துக்கும் மேல தனித்தனி எலும்பு, பாதி காகிதக் கனம்தான். அதனால தெர்மாமீட்டர் வச்சு 75 டிகிரிக்குள்ள, சதை கழண்டு வர்ற வரைக்கும் மட்டும். சாளைக்கு சில நிமிஷம், கெண்டைத் தலைக்கு நிறைய நேரம். அப்புறம் தட்டுல ஊத்தி விரலாலயும் மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷாலயும் பெரிய சதையை எடுத்துட்டு மிச்சத்தை என்சைமுக்கு விட்டேன்.

என்சைம்னா பெருசா ஒன்னும் இல்ல, புரதத்தை உடைக்கற புரோட்டியேஸ் கலந்த துணி சோப்புத்தூள். பாக்கெட்ல என்சைம்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும், இல்லாத தூள்ல போட்டு வச்ச அயிலை அப்படியே கிடந்து நாறுனதுதான் மிச்சம். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன், 40ல இருந்து 50 டிகிரி, மூடி வச்சு அப்பப்போ எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும். சூடு அதிகமானா என்சைமே செத்துரும், குறைஞ்சா வேலை நடக்காது. ராத்திரி முழுக்க மறந்து விட்டா சாளை எலும்பு ஓரம் அரிச்சுப்போகும், அதுக்கு சீக்கிரம் வெளிய எடுக்கணும்.

இதுல கட்டாயம் வேணுங்கறது வலைப்பை. கொசுவலைத் துணியில சின்னச் சின்னப் பையா தைச்சு, தலை ஒன்னு, உடம்பு ஒன்னு, இடப்பக்கத் துடுப்பு ஒன்னு, வலப்பக்கம் ஒன்னுன்னு பிரிச்சுப் போட்டேன். பைக்குள்ளயே லேபிள். பேனாவுல எழுதுனது எல்லாம் சோப்புத் தண்ணியில கரைஞ்சு போகும், பென்சிலால ட்ரேசிங் பேப்பர்ல எழுதுனது கடைசி வரைக்கும் நிக்குது. இந்த ஒரு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, லேபிள் இல்லாத சுத்தமான எலும்புக்கூடு குப்பைக்குத்தான் போகும்.

பளிச்சுன்னு வெள்ளையாகட்டும்னு வீடு துடைக்கற ப்ளீச் போட்டு வைக்கறவங்க இருக்காங்க. போடாதீங்க. அதுல இருக்கற சோடியம் ஹைப்போகுளோரைட் எலும்புல இருக்கற கொலாஜன்ங்கற புரதத்தைத் தின்னுட்டே இருக்கும், கழுவுனதுக்கு அப்புறமும் நிக்காது, கொஞ்ச நாள்ல மேல் பரப்பு சுண்ணாம்புப் பொடியா உதிரும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஒப்பீட்டுக்கு வெள்ளை தேவையே இல்ல, உண்மையில பழைய எலும்பு எல்லாம் பழுப்பாத்தான் வரும்.

எண்ணெய்தான் பெரிய தலைவலி. அயிலை, சாளை, சூரை மூனும் காய வச்ச பிறகு மஞ்சள் கசிய ஆரம்பிச்சுது, தொட்டா பிசுபிசுன்னு, பொட்டலத்துக்குள்ள ஒரு நாத்தம், பூச்சியும் வரும். பாத்திரம் கழுவற லிக்விட் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போட்டு, தண்ணி மங்கலா ஆனா மாத்தி, திரும்ப ஊறப்போட்டு, இப்படியே தெளிஞ்ச தண்ணியா நிக்கற வரைக்கும் போச்சு. சூரையோட வால் கணு மட்டும் அதுக்கும் மசியல, உள்ள பஞ்சு மாதிரி ஓட்டையில எண்ணெய் பிடிச்சு நிக்குது. அதுக்கு அசிட்டோன்ல, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில, வெளிக்காத்துல வச்சு எடுத்தேன். அசிட்டோன் பக்குன்னு பத்திக்கும், அடுப்பு பக்கம் கொண்டு போகக்கூடாது, சில பிளாஸ்டிக்கையும் கரைச்சிரும். அப்புறம் நிழல்ல காய வைக்கறது. வெயில்ல வச்ச ஜிலேபி செவுள் மூடி விரிசல் விட்டு சுருண்டு போச்சு, அளவே மாறிடுச்சு, அதைத் தொகுப்புல சேக்கல.

இடம் வலம் பிரிக்கறது, அளக்கறது

சுத்தமான எலும்புக் குவியலை மேஜையில கொட்டிட்டு உக்காந்தா முதல்ல தலை சுத்தும். வழி என்னன்னா எல்லாத்தையும் பேர் வச்சு முடிக்கணும்னு நினைக்காம, தொல்லியல் தளத்துல அதிகமா தப்பிப் பிழைக்கற எலும்புகள்ல ஆரம்பிக்கறது. கீழ்த்தாடையில பல் தாங்குற டென்டரி, மேல்தாடையில ப்ரீமேக்ஸில்லா, தாடைக் கீல் மாதிரி இருக்கற குவாட்ரேட், செவுள் மூடி ஓப்பர்குலம், அதுக்குப் பின்னாடி வளைஞ்சு நிக்கற க்ளீத்ரம், அப்புறம் முதுகுக் கணுக்கள். இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டையும் கண்ணாடியில பாக்கற மாதிரி எதிரெதிரா அடுக்கி போட்டோ எடுத்துக்கிட்டா பின்னாடி உதவும்.

முதுகுக் கணு ரெண்டு பக்கமும் குழிஞ்ச உருளை, நடுவுல குறுகி இருக்கும், அதைப் பாத்த உடனே மீன்னு தெரிஞ்சிரும். எந்த மீன்ங்கறதுதான் கஷ்டம். எண்ணிக்கை ஒரு துப்பு. அயிலைக்கு 31. ஸ்கிப்ஜாக்னு சொல்ற வரிச் சூரைக்கு 41, மஞ்சள் துடுப்பு உள்ள கேரை மாதிரி துன்னஸ் பேரினத்துக்கு 39. ஆனா தோண்டுனதுல முழு முதுகெலும்பு கிடைச்சாத்தானே எண்ண, கிடைக்கறது தனித்தனி கணு. அதனால கணுவோட பக்கவாட்டுல இருக்கற பள்ளமும் வரியும், முள் எந்த இடத்துல இருந்து கிளம்புதுங்கறதும்தான் அடையாளம். அயிலையில முன் கணு, நடுக் கணு, வால் கணு எல்லாமே வேற வேற மாதிரி, அதனால வரிசை மாறாம நூல்ல கோத்து, பத்து கணுவுக்கு ஒரு முடிச்சு போட்டு வச்சேன். இது பிரமாதமா உதவுச்சு.

அளவுக்கு டிஜிட்டல் காலிப்பர், அதாவது ரெண்டு தாடைக்கு நடுவுல பிடிச்சு அளக்கற கருவி, மொத்த வேலையில அதிக செலவு இதுலதான் ஆச்சு. திரையில 0.01 மி.மீ. காட்டும், ஆனா மெலிசான மீன் எலும்பு வளையும், ரெண்டாவது தடவை அழுத்திப் பிடிச்சா வேற நம்பர் வரும். 0.1க்கு மேல நம்பாதீங்க. எந்த இடத்துல இருந்து எந்த இடத்துக்கு அளக்கணும்ங்கறதை 1979லயே ஆர்டுரோ மொரலஸும் க்னுட் ரோசன்லுண்டும் எலும்பு எலும்பா வகுத்து வச்சிருக்காங்க, அதையே எடுத்துக்கிட்டேன். நாமளா ஒரு புள்ளி வச்சு அளந்தா வேற யாரோட அளவோடயும் ஒப்பிட முடியாது.

இந்த அளவு எதுக்குன்னா, எலும்போட நீளத்துல இருந்து மீனோட நீளத்தைக் கணக்குப் போட. ரெண்டுக்கும் லாக் (மடக்கை) எடுத்து வரைஞ்சா ஏறக்குறைய நேர்க்கோடு வரும். என்கிட்ட ஒரே இனத்துல சின்னது, நடுத்தரம், பெருசுன்னு ஜிலேபி மட்டும்தான் இருந்துச்சு. அதுல டென்டரி கோடு நல்லா உக்காந்துச்சு, முதுகுக் கணு உக்காரல. ஒரே மீன்லயே கணுவுக்குக் கணு அளவு மாறும், எந்தக் கணுன்னு தெரியாம அளந்தா சின்ன மீனோட நடுக் கணுவும் பெரிய மீனோட வால் கணுவும் ஒன்னா நிக்குது.

இது சும்மா நுணுக்கம் பேசறது இல்ல. கிழக்குத் திமோர்ல ஜெரிமலைங்கற குகையில 42,000 வருஷம் பழசான மீன் எலும்பு கிடைச்சுது, கீழ் அடுக்குகள்ல கிட்டத்தட்ட பாதி சூரை மாதிரி திறந்த கடல் மீன்னு சூ ஓ'கானர் குழு 2011ல வெளியிட்டாங்க, அதே குகையில 16,000ல இருந்து 23,000 வருஷத்துக்குள்ள வர்ற சிப்பித் தூண்டிலும் கிடைச்சுது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு அவ்ளோ பழைய சான்றுன்னு பெரிய பேச்சு. அப்புறம் அதோல் ஆண்டர்சன்ங்கற தொல்லியலாளர் என்ன கேட்டாருன்னா, அந்த சூரை எல்லாம் இளசு, இளசு கரைக்குப் பக்கத்துலயே வரும், அதுக்குப் படகு ஏறி ஆழத்துக்குப் போயே ஆகணுமான்னு. பாருங்க, மீன் என்னன்னு சொன்னா மட்டும் போதல, எவ்ளோ பெருசுங்கறதுல மொத்தக் கதையும் தொங்குது. என் சூரைத் துண்டுக்கு மொத்த நீளம் தெரியாததால இந்த விஷயத்துல அது சுத்தமா உபயோகப்படல.

சல்லடை

இதுதான் எனக்குப் பிடிச்ச கட்டம். மரச் சட்டம் அடிச்சு, கம்பி வலை வாங்கி மூனு சல்லடை: 6 மி.மீ., 3 மி.மீ., 1 மி.மீ. கண்ணு. மேலேருந்து கீழ வரிசையா வச்சு, அடியில பெரிய தொட்டி. 1 மி.மீ. வலை சீக்கிரம் தொய்யுது, நடுவுல குறுக்குச் சட்டம் ஒன்னு வேணும், இல்லாட்டி ஈர மண்ணு பாரத்துல ஆணி பிடுங்கிட்டு வந்துரும்.

தொகுப்புக்குன்னு வச்ச எலும்பைத் தொடல, இதுக்குன்னு தனியா சுத்தம் பண்ண மீன்களோட எலும்பை எண்ணி, எழுதி வச்சுக்கிட்டு, களியும் மணலும் கலந்த மண்ணுல பிசைஞ்சு, காய வச்சு, திரும்ப உடைச்சு சல்லடையில போட்டேன். முதல் ஓட்டத்துல 6 மி.மீ.லயே அயிலைக் கணு நிறைய நின்னுடுச்சு, என்னடா இது எல்லாரும் சொல்றதுக்கு நேர்மாறா இருக்கேன்னு பாத்தா, கணுவுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கற முள்ளு வலைக் கம்பியில மாட்டி நிக்குது. மண்ணுல நூத்துக்கணக்கான வருஷம் கிடந்த கணுவுக்கு இந்த முள்ளு பெரும்பாலும் ஒடிஞ்சுபோயிருக்கும், மிதிபடறது ஒன்னு, மண் அழுத்தறது ஒன்னு. அதனால எல்லா முள்ளையும் அடியோட ஒடிச்சுட்டு திரும்ப ஓட்டுனேன். அப்போதான் மேல சொன்ன ரிசல்ட் வந்துச்சு.

22 செ.மீ. அயிலையோட கணு குறுக்களவு 4 மி.மீ.க்குள்ளதான், 6 மி.மீ. கண்ணுல பட்டுன்னு விழுந்திருச்சு, 3 மி.மீ.ல நின்னுது. 15 செ.மீ. சாளைக்கு 2 மி.மீ. பக்கம், அது 3 மி.மீ.லயும் நிக்காம 1 மி.மீ.ல வந்துதான் அடங்குச்சு. ஜிலேபி கணுவும் 6ல இருந்து நழுவிருச்சு, இது நான் எதிர்பாக்கல, தட்டுல பாத்தா நல்ல உருப்படியான மீன் அது. தட்டையான எலும்புங்க இன்னும் மோசம், சதுரக் கண்ணோட மூலைவிட்டம்தான் உண்மையான வாசல், 6 மி.மீ. கண்ணுக்கு அது 8.5 மி.மீ. வருது. அயிலையோட டென்டரி நீளமா இருந்தாலும் குத்துக்கால்ல நின்னு இறங்கிருது, எவ்ளோ நேரம் ஆட்டறோமோ அவ்ளோ இறங்கும். ஆக ஒரே மண்ணை ரெண்டு பேர் ரெண்டு விதமா ஆட்டுனாலே கணக்கு மாறும்.

தோண்டற இடங்கள்ல ரொம்ப காலமா கால் அங்குல வலைதான் வழக்கம், அது 6.4 மி.மீ. சல்லடையே போடாம கையால பொறுக்குனதும் உண்டு. அப்படி வந்த பழைய பட்டியல்ல பொடி மீன் இல்லைன்னா, மீனே இல்லைன்னு அர்த்தம் இல்ல. மீன் அளவு பிடிச்ச கருவியையும் சொல்லுமே, அங்கயும் இதே சிக்கல். செவுள் வலையில பெரும்பாலும் ஒரு குறுகின அளவு மீன்தான் மாட்டும், பொடிசு நழுவிரும், ரொம்ப பெருசு தலையே நுழையாது. 1913ல, அப்போ பின்லாந்துல இருந்த அந்த்ரேயாங்கற இடத்துல சதுப்பு மண்ணுல, வில்லோ நார்ல முடிஞ்ச வலை ஒன்னு மரப்பட்டை மிதவையோடயும் கல் குண்டோடயும் கிடைச்சுது, 10,000 வருஷத்துக்கு மேல பழசு. அப்படி வலையே கிடைக்கறது அபூர்வம், மத்த இடத்துல எலும்போட அளவை வச்சுத்தான் வலையா தூண்டிலான்னு ஊகிக்கணும். ஆனா மீனவனோட வலை பாதியை விட்டுட்டு, தோண்டறவரோட சல்லடை மீதியில பாதியை விட்டுட்டா, நாம எந்த வலையைப் படிக்கறோம்?

நல்லா சலிச்சா என்ன வரும்ங்கறதுக்கு இங்கிலாந்து உதாரணம். ஜேம்ஸ் பாரெட், அலிசன் லாக்கர், கேலம் ராபர்ட்ஸ் மூனு பேரும் 2004ல, கி.பி. 1000ஐ ஒட்டின சில பத்து வருஷத்துல கடல் மீன் எலும்பு, முக்கியமா ஹெரிங் மீனும் காட் (cod) மீனும், திடீர்னு ஏறுதுன்னு காட்டுனாங்க. ஹெரிங் சாளையோட சொந்தக்காரன், கணு பொடிசு. சலிக்காம விட்ட இடத்தை எல்லாம் சேத்துக் கணக்குப் போட்டிருந்தா அந்த ஏத்தமே கண்ணுல பட்டிருக்காது.

கெண்டையோட தொண்டைப் பல் தனி ரகம். சல்லடையில பொடிசா உதிர்ந்து 1 மி.மீ.க்குப் போனாலும் கெட்டித்தனம் குறையல, அதே மீனோட செவுள் மூடி துண்டு துண்டாயிடுச்சு. இஸ்ரேல்ல கெஷர் பெனோட் யாகோவ்ங்கற இடத்துல அடுப்பு இருந்த பகுதியை ஒட்டி எலும்பு ஏறக்குறைய இல்லாம கெண்டைக் குடும்பப் பல்லா கிடைச்சுது, 780,000 வருஷம் பழசு. பல்லோட எனாமல் படிகத்தை எக்ஸ்ரேயில அளந்து, நேரா நெருப்புல கருகாம, குறைஞ்ச சூட்டுல வெந்திருக்குன்னு இரித் ஜோஹர் குழு 2022ல சொன்னாங்க. பல்லைச் சலிச்சுப் பிடிக்காம விட்டிருந்தா சமையல்ங்கற பேச்சுக்கே இடம் இல்ல.

கண்ணைக் கட்டி ஒரு பரீட்சை

நண்பர் ஒருத்தர்கிட்ட எலும்பைக் கலந்து எண் மட்டும் போட்ட கவர்ல தரச்சொன்னேன். கெளுத்தி முள்ளு, கெண்டைத் தொண்டை எலும்பு, சாளைக் கணு எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம். சின்ன சூரையோட வால் கணுவா அயிலையோடதான்னு வந்தப்போ திணறல். ஜிலேபியோட உடைஞ்ச க்ளீத்ரமும் தெரியல, "எலும்பு மீன், இனம் தெரியல"ன்னு எழுதிட்டேன். அதுதான் சரியான பதிலும். அனுபவம் உள்ளவங்க பட்டியல்லயே குடும்ப அளவோட நிப்பாட்டுனது நிறைய இருக்கும், இனம் வரைக்கும் இழுத்து எழுதுன பட்டியலைப் பாத்தா எனக்கு இப்போ சந்தேகம்தான் வருது.

எண்ணிக்கையிலயும் ஒரு கூத்து. எலும்புத் துண்டுகளை எண்ணுனா சாளைக்குத்தான் அதிக மார்க், ஒரு மீனுக்கே 40க்கு மேல கணு. குறைஞ்சபட்சம் எத்தனை மீன்னு பாக்க இடது டென்டரியை மட்டும் எண்ணுனா சாளை பாதாளத்துக்குப் போயிருது, அதோட டென்டரி அவ்ளோ மெலிசு, பாதி உடைஞ்சு காணாமப் போச்சு. கெளுத்தியோட நெஞ்சு முள்ளு ஒன்னுகூட சேதமில்ல, அதனால கெளுத்தி எப்பவும் உள்ளதைவிட அதிகமாத் தெரியும். ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல போடறதுதான் நியாயம்.

அடுத்த தடவை

முதல்ல ஒரே இனத்துல பல அளவு. அஞ்சு வகை மீனைவிட அயிலை மட்டும் குட்டியில இருந்து பெருசு வரைக்கும் இருந்திருந்தா நீளக் கணக்கு உருப்படியா வந்திருக்கும். சூரை வாங்குனா முழுசா, வெட்டறதுக்கு முன்னாடி அளந்துட்டு. 3க்கும் 1க்கும் நடுவுல 2 மி.மீ. சல்லடை ஒன்னு, ஏன்னா 1 மி.மீ.ல மணலும் வேரும் அவ்ளோ தங்குது, லென்ஸ் வச்சுப் பொறுக்கறதுல கண்ணு போயிருது. எல்லா மண்ணையும் 1 மி.மீ.ல சலிக்கறது நடக்காத காரியம், ஒவ்வொரு அடுக்குலயும் அளந்து ஒரு பங்கை மட்டும் எடுத்து அதுல ஓட்டறதுதான் நடைமுறை.

சுறா எதுவும் இல்லாதது பெரிய குறை. குருத்தெலும்பு மீனுக்கு மண்ணுல மிஞ்சறது பல்லும் சுண்ணாம்பு ஏறுன கணுவும்தான், அதை வேகவைக்கற முறையே வேற, காய்ஞ்சா சுருங்கும். எரிஞ்ச எலும்பும் சேக்கணும், முதல்ல கருப்பாகி, சூடு இன்னும் ஏறுனா வெள்ளையாகி சுருங்குது, அப்போ நீளக் கணக்கு எவ்ளோ தப்பும்னு பாக்கணும். தின்னு செரிச்சு வெளிய வந்த கணு ஒரு பக்கமா நசுங்கி இருக்கும்னு ஆண்ட்ரூ ஜோன்ஸ் ஆள் வச்சே சோதிச்சுக் காட்டுனாரு, அந்த சோதனையை மட்டும் நான் பண்றதா இல்ல, நண்பரோட நாய்க்குப் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

காலிப்பர் இருக்கு, சட்டம் மூனும் நல்லா இருக்கு, 1 மி.மீ. வலையை மட்டும் மாத்தணும். சுறா கிடைச்சதும் அதோட கணுவை ஈரமா ஒரு தடவை, காய்ஞ்ச பிறகு ஒரு தடவை அளந்து போடறேன்.